இரவல் கண்கள்

போனின் முகப்பில் வாலு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மணி பார்க்கத்தான் போனை எடுத்தாள் டச்சப் அக்கா. பார்த்தாள், மேசையில் கவிழ்த்து வைத்தாள். வைத்த பிறகுதான் மனதில் ஏதோ உறுத்தியது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடுத்தவர் முகத்துப் பருவையும் தழும்பையும் எண்ணெய் வழிசலையும் துடைத்து டச்சப் செய்துகொண்டிருப்பவளுக்குச் சொந்தப் பிள்ளை முகத்தை நின்று பார்க்க நேரம் ஏது? மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதே பழைய படம்தான். போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்தது; முன்பல் இரண்டும் விழுந்த வாயைக் காதுவரை இழுத்து மகள் சிரிக்கிற படம். சிரிப்பு அப்படியே இருந்தது, வெயில் அப்படியே இருந்தது, நெற்றியில் வியர்வையோடு ஒட்டிய முடிகூட அப்படியே. கண் மட்டும் மூடியிருந்தது.

வெளியே மழை. ஏ.சி.யில் கசிகிற தண்ணீர் கீழே வைத்த பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது; லேமினேஷன் மெஷின் சூடேறி, பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை அறையெங்கும் திகட்டலாகப் பரவிக்கொண்டிருந்தது; உள்ளறையில் முதலாளி யாரிடமோ, "தாடையை இறக்குங்க சார், இன்னும் கொஞ்சம், மூச்சு விடலாம், ஒண்ணும் ஆகாது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எல்லாம் தினமும் கேட்கிற சத்தம், தினமும் முகர்கிற வாடை.

போனிலிருந்த மற்ற படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பிறந்தநாள் படத்தில் மூடியிருந்தது. அப்பா தோளில் ஏறி உட்கார்ந்த படத்தில் மூடியிருந்தது. இன்னும் பின்னால் போனாள். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த ஒன்றில் வாலு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. அடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள். அதற்குள் அந்தக் கைக்குழந்தையும் கண்ணை மூடியிருந்தது.

நேற்றுச் செய்த வேலை ஞாபகம் வந்தது.

ஸ்டூடியோ வேலையில் இரவல் சகஜம். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் படத்தில் போட்டிருப்பது ஒரே கோட்டு. அது முதலாளியின் கல்யாணக் கோட்டு. லுங்கியோடு வருகிறவர் படத்தில் அதைப் போட்டுக்கொண்டு கலெக்டர் மாதிரி வெளியே போவார். இப்படிப்பட்ட சாமான்களுக்கென்றே கம்ப்யூட்டரில் "இரவல்" என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் கோட்டு, டை, மடிப்புக் கலையாத காலர், எடுப்பான கொண்டை எல்லாம் கிடந்தன. ஒரு காதுகூட இருந்தது. காதில் கட்டுப் போட்டு வந்த ஒருவருக்கு அவர் தம்பியின் காதை ஒட்டி அனுப்பினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தலைவலிகூட யாருக்கும் வந்ததில்லை.

அப்புறம் முதலாளி எங்கிருந்தோ ஒரு சாஃப்ட்வேரை இலவசமாக இறக்கினார்.

"மூணே பட்டன். குரங்குகூட வேலை பாக்கும்" என்றார்.

"அப்ப எனக்கு எதுக்கு சார் சம்பளம்?"

"குரங்குக்கு டீ போடத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பளிச், தெளிவு, கண் திற. அவ்வளவுதான் மூன்று பட்டன். முதல் பட்டன் கறுத்த படத்தை வெளுக்க வைத்தது. இரண்டாவது, மங்கலான படத்தில் இமை முடியை எண்ணுகிற அளவுக்குக் கூர்மை கொண்டுவந்தது. மூன்றாவதைத் தொட வேண்டிய வேலை நேற்றுவரை வரவில்லை.

நேற்று மதியம் பின்தெருத் தையல்காரரும் அவர் மனைவியும் நனைந்துகொண்டே வந்தார்கள். காய்ச்சலில் எட்டு வயசுப் பெண்ணைப் பறிகொடுத்தவர்கள். ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுகிற இரும்புத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், அந்த விரலாலேயே தன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள் அந்த அம்மா. எல்லாவற்றிலும் அந்தப் பெண் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"கேமராவைத் தூக்கினாலே மூடிக்குவா. லைட்டுன்னா அப்படி ஒரு பயம். கண்ணு தொறந்த மாதிரி ஒரு படம்கூட இல்லைங்க என்கிட்ட. ஒரே ஒரு தடவை அவ என்னைப் பாக்கற மாதிரி பண்ணித் தருவீங்களா?"

டச்சப் அக்கா வீட்டிலும் அதே வயசில் ஒன்று இருக்கிறதே. ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் உட்காராமல், கீழ்வீட்டுப் பூனைவரை எல்லோரையும் ஓட ஓட விரட்டுகிற ஒன்று. படத்தை ஏற்றினாள், கண் திற என்ற பட்டனை அழுத்தினாள். கண் திறந்த முகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கம்ப்யூட்டரில் பிள்ளைகள் படத்துக்கா பஞ்சம்? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கிடந்தன. ஆனால் ஊரார் பிள்ளையின் கண்ணைக் கேட்காமல் எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. நம் பிள்ளைதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று போனிலிருந்து வாலுவின் சிரிக்கிற படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வட்டம் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. திரையில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

ஒட்டின அடையாளமே இல்லை. பிரின்ட் போட்டு, ஃபிரேமில் அடைத்துக் கொடுத்ததும் தையல்காரர் மனைவி அதைக் கையில் வாங்கி நிமிர்த்திப் பிடித்தாள். அழுவாள் என்று நினைத்தார்கள். அழவில்லை.

"முழிச்சுட்டா" என்றாள்.

தையல்காரர் ஒரு அடி பின்னால் போனார். "இது நம்ம பொண்ணு கண்ணு மாதிரி இல்லியே" என்று முனகினார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள், படத்திலிருந்து பார்வையை எடுக்காமல்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு டச்சப் அக்கா உட்கார்ந்திருந்தபோதே போன் அடித்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்.

"உங்க பொண்ணு காலையில பிரேயர் முடிஞ்சதிலேருந்து கண்ணைத் திறக்க மாட்டேங்கறா. விளையாடறான்னு நினைச்சு திட்டிட்டேன். இப்ப எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் வாங்க."

குடையை எடுக்க மறந்து ஓடினாள். வகுப்பு வாசலில், பெஞ்சின் நுனியில், வாலு கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை அசையாமல் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் மட்டும் மெதுவாக இடமிருந்து வலம் போயின, நின்றன, மறுபடி இடம் வந்தன. எதிரில் யாரோ நடப்பதைப் பார்க்கிறவர்களின் கண் அப்படித்தான் போகும்.

"கண்ணைத் திறடி செல்லம்."

"திறந்துதாம்மா இருக்கேன்."

"அம்மா தெரியறேனா?"

"இல்ல. ஒரு அத்தை தெரியறாங்க. தையல் மெஷின் தெரியுது. மேல ஃபேன் சுத்துது." வாலு கொஞ்சம் யோசித்தாள். "அந்த அத்தை விரல்ல இரும்புத் தொப்பி போட்டிருக்காங்கம்மா. அதால என் கன்னத்தைத் தடவுறாங்க. ஆனா எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

கண் டாக்டர் இமைகளை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, பிடிவாதம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த டச்சப் அக்காவுக்கு மகளின் கருவிழி தெரிந்தது. டார்ச் வெளிச்சம் அதில் பிரதிபலிக்கவில்லை. அங்கே சின்னதாக ஒரு ஜன்னல் தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். டாக்டரின் அறையில் ஜன்னலே கிடையாது.

வாலுவைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டாள். வேறு யாரிடம் விடுவது? லாரி ஓட்டுகிற கணவன் எங்கோ மலைப்பாதையில் இருந்தான், போன் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் என்னவென்று சொல்வாள்? நேரே ஸ்டூடியோவுக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எடுத்ததைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடாதா? வாலுவின் படத்தை ஏற்றி, கண் திற என்பதை அழுத்தி, நேற்றுக் கண் திறந்த தையல்காரர் மகளின் படத்தைக் காட்டினாள்.

"இந்தப் படத்தில் முகம் எதுவும் இல்லை" என்றது திரை.

திரையில் வாலு பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு படத்தை ஏற்றினாள். முகம் எதுவும் இல்லை. இன்னொன்று. இல்லை.

அப்புறம் அவள் செய்ததை மூடி மறைப்பானேன். பள்ளிக்கூடப் படங்கள் கிடந்த ஃபோல்டரைத் திறந்தாள். இரட்டைச் சடை போட்ட பிள்ளை ஒன்று பெரிய கண்ணால் அவளைப் பார்த்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, அதற்கும் ஒரு அம்மா இருப்பாள், சாயங்காலம் வாசலில் நின்று காத்திருப்பாள். நேற்று இந்தப் பிள்ளைகளைத் தொட மனசு வராத அதே கைதான். அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

முகம் எதுவும் இல்லை.

ஃபோல்டரில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் வைத்துப் பார்த்தாள். முதலாளி டீ வாங்கிக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டுப் போனார். டீ ஆறி மேலே ஆடை கட்டியது. பக்கெட் நிரம்பி வழிந்து தண்ணீர் அவள் காலடிக்கு வந்தது. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

தையல்காரர் வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. முன்னறையிலேயே ஜன்னலோரம் தையல் மெஷின், வெட்டிய துணி, சாக்கட்டி, புதுத் துணியின் கஞ்சி வாடை, மேலே ஒரு பக்கமாக ஆடிக்கொண்டே சுற்றும் ஃபேன். எல்லாம் வாலு சொன்னபடியே. மெஷினுக்கு எதிர்ச்சுவரில், ஆள் உயரத்தில், அன்று காலைதான் படத்தை மாட்டியிருந்தார்கள். தையல்காரர் மனைவி அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைவாரி, முகம் கழுவி, கடைக்குப் போகக் கிளம்பியவள் மாதிரி நேர்த்தியாக இருந்தாள்.

டச்சப் அக்கா உள்ளே காலெடுத்து வைத்ததும் படத்திலிருந்த கண்கள் அவள் பக்கம் திரும்பின.

கையிலிருந்த போன் அடித்தது. கீழ்வீட்டு அக்கா. "உன்கிட்ட பேசணும்னு ஒரே குதி குதிக்கிறா. இந்தா, பேசு."

"அம்மா! நீ வந்துட்ட! தெரியற!" வாலுவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பச்சைப் புடவை. ஏம்மா அழுவுற? நான் கை காட்டறேன் பாரு, தெரியுதா?"

டச்சப் அக்கா படத்தைப் பார்த்தாள். மார்பளவுப் படம். அதில் கை இல்லை.

"தெரியுதுடா கண்ணு. நல்லா தெரியுது" என்றாள். போனை வைத்துவிட்டுத் தையல்காரர் மனைவியின் காலில் விழுந்தாள். விழுந்து, அழுது, கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. நேற்றே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க பொண்ணு பேசறா. சாப்பிடுவா. மடியில படுத்துக்குவா. இல்லையா?"

"ஆமா."

"எனக்கு இந்தப் பார்வை மட்டும்தான். இதையும் கேக்கறீங்களே."

கோபமே இல்லாமல் சொன்னாள். பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இழுபறியில் கண்ணாடி உடைந்தால்? தாள் கிழிந்தால்? கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படத்திலிருந்த கண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தன.

வாசலில் தையல்காரர் பின்னாலேயே வந்தார்; உள்ளே பேசியதில் பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது. பாவம், மனுஷன் தூங்கிப் பல நாள் ஆனது போலிருந்தார்.

"அது என் பொண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. என் பொண்ணு வெளிச்சத்துக்கே பயப்படுவா. இது இமைக்காம என்னையே பாக்குது. இவளும் சாப்பிடாம அது முன்னாடியே உக்காந்திருக்கா. நீங்க போங்க. இவ அசந்த நேரமாப் பாத்து நான் ஒரு வழி பண்ணிடறேன்."

"உடைச்சுடாதீங்க. கிழிச்சுடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்."

"சேச்சே. பிள்ளை முகத்தை யாராவது கிழிப்பாங்களா? நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று ராத்திரி வாலுவை அணைத்தபடி படுத்திருந்தாள். "அத்தை இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை எப்போதோ தூங்கிப்போனாள்.

மறுநாள் மாலை, வாலுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது பிள்ளை சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, அந்த மாமா என்னைக் கழட்டறாரு. அத்தை தூங்கறாங்க. மெதுவா, சத்தமில்லாம."

சீப்பு கையிலிருந்து நழுவியது. "அப்புறம்?"

"நீலத் துணியில சுத்தறாரு. இப்ப நீலமாத்தான் தெரியுது."

கொண்டுவருகிறார். வந்ததும் படத்தை வாங்கி, இந்த அறையிலேயே, வாலு எப்போதும் உட்காருகிற ஜன்னலோரம் மாட்டிவிட வேண்டும். பிள்ளை இந்த வீட்டையாவது பார்க்கும். அம்மாவைப் பார்க்கும். மற்றதை அப்புறம் யோசிக்கலாம். டச்சப் அக்கா எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். ஆணி தேடினாள். சுத்தியல் எடுத்து வைத்தாள். படியில் ஒவ்வொரு காலடிக்கும் எட்டிப் பார்த்தாள். பால்காரர். கீழ்வீட்டுப் பூனை. காற்று.

"இப்ப எங்க வர்றாரு?"

"தெரியலைம்மா. நீலம்தான்."

வெளிச்சம் மங்கியது. அவர் வீடு பின்தெருதான். இவ்வளவு நேரம் ஆகாதே.

"துணியை எடுத்துட்டாரு" என்றாள் வாலு. "மாமா அழறாரு. பெரிய மரம் இருக்கு. என்னைக் கீழ வெக்கறாரு."

"கீழன்னா? எங்கடி?"

"பள்ளத்துல. அவர் மேல நிக்கறாரு." வாலுவின் தலை மெதுவாக அண்ணாந்தது. "அம்மா, மண்ணு விழுது."

போன் அடித்தது. தையல்காரர். மூச்சு வாங்கியது அவருக்கு.

"நிம்மதியா இருங்கம்மா. முடிஞ்சுது. இனிமே அது யாரையும் பாக்காது. என் பொண்ணு பேரைச் சொல்லி வந்த படம், அவ பக்கத்துலயே வெச்சு மூடிட்டேன்."

"எங்க? எந்த இடுகாடு? அண்ணே, எந்த..."

துண்டித்துவிட்டார். திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப. போனை அணைத்து வைத்திருந்தார்.

"லைட் போடும்மா" என்றாள் வாலு.

போட்டாள். அறை விளக்கு. சமையலறை விளக்கு. குளியலறை விளக்கு. வீடே வெளிச்சமாய் எரிந்தது.

"போடும்மா. இருட்டா இருக்கு."

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பின்தெருவுக்கு ஓடி அந்த அம்மாவைக் கேட்பதா, இடுகாடு இடுகாடாகத் தேடுவதா? ஊரில் எத்தனை இடுகாடு, எத்தனை மரம், எத்தனை புது மண். படியிலேயே நின்றாள். மகளின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. சூடாக. வேகமாக.

"அம்மா. இங்க ஒரு பொண்ணு இருக்கா."

"யாரும் இல்லடா. அம்மா இருக்கேன். அம்மாகிட்ட இருக்க."

"பக்கத்துல படுத்திருக்கா. கண்ணை மூடிக்கிட்டு." குரல் கிசுகிசுப்பானது. "இல்ல. அவளுக்குக் கண்ணு இல்ல. கையால தேடறா. கண்ணாடியைத் தடவறா."

டச்சப் அக்கா மகளைத் தோளிலிருந்து இறக்கி, படியில் உட்கார வைத்து, முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு அத்தை தொட்டப்ப தெரியலை" என்றாள் வாலு. "இவ தொடறது தெரியுதும்மா."

படி விளக்கின் வெளிச்சம் நேராக அந்த முகத்தில் விழுந்தது. மூடிய இமைகள் இரண்டிலும், வெளியிலிருந்து, விரல் நுனி அளவுக்கு ஒவ்வொரு குழி விழுந்தது. ஈரமான புது மண் இமை முடியில் ஒட்டியது. குழிகள் மெதுவாக ஆழமாயின.